கொலைகாரர் பெயரை அழித்துவிட்டுத்தான் தருகிறேன்

துப்பறியும் நாவல் கேட்டு வருபவர்களுக்கு நான் முதலில் எடுத்து நீட்டுவது அகதா கிறிஸ்டியின் ‘தி பாடி இன் தி லைப்ரரி’. 1942-இல் வந்தது. தலைப்பைப் பார்த்ததும், “என்ன மேடம், உங்க இடத்துலயே கொலையா?” என்று கேட்காதவர் கிடையாது. இருபது வருஷமாகக் கிளை நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே செத்துக் கிடந்ததெல்லாம் பல்லிதான்.

கதையில் வருவது பொது நூலகம் இல்லை, கர்னல் பான்ட்ரி வீட்டுப் புத்தக அறை. மலர்க் கண்காட்சியில் பரிசு வாங்குவதாகக் கனவு கண்டுகொண்டிருக்கும் அவர் மனைவியை வேலைக்காரப் பெண் எழுப்பி, கீழே பிணம் கிடக்கிறது என்கிறாள். கர்னல் நம்பவில்லை, துப்பறியும் கதை படித்துவிட்டுத் தூங்கியதன் விளைவு என்கிறார். என் வீட்டிலும் இந்த வசனம் உண்டு. ஆனால் கரடித்தோல் விரிப்பின் மேல், ஜிகினா மின்னும் வெள்ளை சாட்டின் உடையில், யாரென்றே தெரியாத ஓர் இளம்பெண் கிடப்பது நிஜம்.

கதையில் துப்பறியும் கிழவியான மிஸ் மார்ப்பிளுக்கு அந்தப் பிணத்தைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம் ஒன்று ஞாபகம் வருகிறது. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் போன டீச்சர். உள்ளிருந்து குதித்த தவளை. படிக்கும்போது கிழவி உளறுகிறாள் என்றுதான் நினைத்தேன். முடித்தபின் அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போய்த் தலையில் அடித்துக்கொண்டேன். செத்துக் கிடந்த பெண்ணின் நகங்களும் அப்படித்தான். ஆசிரியர் எதையும் ஒளிக்கவில்லை, கண்ணெதிரிலேயே வைத்திருக்கிறார். நாம்தான் தாண்டிப் போகிறோம்.

எனக்கு இதில் கொலையைவிடப் பிடித்தது ஊர்வாய். கர்னலுக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்று ஊரே கிசுகிசுக்க, ஒழுங்காக இருந்த மனிதர் கூனிக் குறுகிப் போகிறார். கொலையாளி அகப்படாவிட்டால் அவர் கதி என்ன என்ற கவலைதான் என்னைப் பக்கம் புரட்ட வைத்தது.

குறையும் உண்டு. கதை கடற்கரை ஹோட்டலுக்குப் போனதும் விசாரணை, மறு விசாரணை என்று இழுக்கிறது. போலீஸ்காரர்கள் அதிகம், மார்ப்பிள் குறைவு. அந்த அலுப்பைப் போக்குவது பீட்டர் என்ற பொடியன். துப்பறியும் கதைப் பைத்தியம். கிறிஸ்டியின் கையெழுத்தே தன்னிடம் இருக்கிறது என்று பெருமையடிக்கிறான்! தன் பெயரைத் தானே கதைக்குள் நுழைத்த குறும்பு.

சரி, எங்கள் பிரதியைப் பற்றி. ஒரு புண்ணியவான் 30-ஆம் பக்க ஓரத்தில், அம்புக்குறி போட்டு, கொலைகாரர் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். ரப்பர் தேயத் தேய அழித்தேன். தடம் லேசாக இருக்கிறது. அந்தப் பக்கம் வரும்போது மட்டும் புத்தகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்காதீர்கள்.