விமான நிறுவனம் மஞ்சள் கடுதாசி கொடுத்தால்: டிக்கெட்டை வைத்திருப்பதா, ரத்து செய்வதா?

பெரிய விமான நிறுவனம் ஒன்று திவால் மனு போட்டுவிட்டது என்று செய்தி வந்ததும், டிக்கெட் வாங்கியவர்களில் பலர் அவசர அவசரமாக அதை ரத்து செய்துவிடுகிறார்கள். பல நேரம் நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நிறுவனம் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்களாக ரத்து செய்தால், திரும்ப வரும் தொகையை டிக்கெட்டின் கட்டண விதிதான் முடிவு செய்யும். மலிவு டிக்கெட் என்றால் அனேகமாக ஒன்றும் வராது. அவர்களே விமானத்தை ரத்து செய்தால் முழுப் பணத்தையும் கேட்கும் உரிமை பல நாடுகளில் உங்களுக்கு உண்டு. அதனால் ரத்து பொத்தானைத் தொடுவதற்கு முன், இது எந்த மாதிரி திவால் என்று பார்த்துவிடுங்கள்.

முதல் வகையில், பறந்துகொண்டே கடனைச் சீரமைப்பார்கள். அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11-ஆம் அத்தியாயம் இதற்கு நல்ல உதாரணம். பழைய கடனுக்கான வசூலை நீதிமன்றம் நிறுத்திவைக்கிறது, அன்றாடச் செலவுக்குப் புதுக் கடன் வாங்க அனுமதிக்கிறது. ஏற்கெனவே விற்ற டிக்கெட்டுகளையும், அடிக்கடி பறப்பவர்கள் சேர்த்த மைல் புள்ளிகளையும் மதிக்க ஆரம்பத்திலேயே அனுமதி வாங்கிவிடுவது வழக்கம். டெல்டாவும் நார்த்வெஸ்டும் 2005 செப்டம்பர் 14 அன்று, ஒரே நாளில் இப்படி மனு போட்டன. டெல்டா 2007 ஏப்ரலில் வெளியே வந்தது. நடுவில் இருந்த 19 மாதங்களும் அதன் விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. ஜப்பான் ஏர்லைன்ஸ் 2010 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டது, 2012 செப்டம்பரில் பங்குச்சந்தைக்கே திரும்பிவிட்டது. ஆனால் ஒருமுறை தப்பித்தது நிரந்தரத் தப்பிப்பு ஆகாது. அமெரிக்காவின் ஸ்பிரிட் நிறுவனம் 2025 மார்ச்சில் வெளியே வந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் மறுபடி நீதிமன்றப் படி ஏறியது.

இரண்டாவது வகையில் விமானங்கள் தரையில் நின்றுவிடும். எரிபொருளுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் சுவிஸ் ஏர் 2001 அக்டோபர் 2 அன்று நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று 'தற்காலிகமாக' நிறுத்துவதாகச் சொன்னது. அதன் சொத்துகளை விற்றுக் கணக்கை முடிக்க உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உத்தரவிட்டது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் சில நாட்களுக்கு மட்டும் ரத்து என்று ஆரம்பித்து, தேதியைத் தள்ளிக்கொண்டே போய், கடைசிவரை பறக்கவே இல்லை. 'தற்காலிகம்' என்ற வார்த்தையை நம்பிக் காத்திருக்காதீர்கள். பணம் கேட்பதற்கான கெடு அந்தக் காத்திருப்பில்தான் கரைந்துபோகிறது.

இரண்டில் எது என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா? ஓரளவு முடியும். டிக்கெட் விற்பனை நடப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், மூடுவதற்கு முந்தைய நாள்வரை கூட விற்பார்கள். விமானங்களைக் குத்தகைக்கு விட்டவர்கள் திரும்ப எடுக்கிறார்களா, சம்பளம் பாக்கியா என்று கவனியுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் வைத்திருந்த ஜெட், கடைசியில் ஐந்தே விமானங்களில் வந்து நின்றது.

சீரமைப்பு வகை என்றால் டிக்கெட்டை வைத்திருங்கள் என்பது என் கருத்து. தவறவே கூடாத பயணம் என்றால், பணம் திரும்பக் கிடைக்கும் மாற்று டிக்கெட் ஒன்றைப் போட்டு வையுங்கள். செலவுதான், ஆனால் நின்றுபோன நாளில் மற்ற விமானங்களின் கட்டணம் ஏறிவிடும்.

சரி, நின்றே போய்விட்டது. பணத்துக்கு என்ன வழி?

முதலில் கார்டு. மற்ற வழிகளை விட இதை நான் மேலே வைப்பதற்குக் காரணம், இங்கே நீங்கள் திவாலான நிறுவனத்திடம் கையேந்தவே வேண்டாம். 'காசு கொடுத்தேன், சேவை வரவில்லை' என்று சொல்லி, கார்டில் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி உங்கள் வங்கியிடம் கேட்கிறீர்கள்; இதற்குப் பெயர் சார்ஜ்பேக். விமான நிறுவனத்துக்காகக் கார்டு பணத்தை வசூலித்துத் தந்த வங்கியிடமிருந்து அது திரும்ப எடுக்கப்படுகிறது. நஷ்டம் தன் தலையில் விழும் என்று அந்த வங்கிக்கும் தெரியும். அதனால் தள்ளாடும் நிறுவனத்தின் டிக்கெட் பணத்தைப் பயணம் முடியும்வரை பிடித்துவைக்கப் பார்க்கும். தள்ளாடுகிற நிறுவனம் சீக்கிரம் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். கெடு பொதுவாகப் பயண நாளிலிருந்து 120 நாட்கள் வரை. உங்கள் வங்கியின் கணக்கு வேறாக இருக்கலாம், அதனால் அந்த வாரமே கேட்டுவிடுங்கள். டெபிட் கார்டுக்கும் இது உண்டு. பிரிட்டனில் கிரெடிட் கார்டுக்கு இன்னும் பலம் அதிகம்: 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ளவற்றுக்குக் கார்டு நிறுவனமும் சேர்ந்தே பொறுப்பு.

காப்பீட்டைப் பலர் நம்பியிருக்கிறார்கள், ஆனால் எல்லாப் பாலிசியும் விமான நிறுவனத்தின் திவாலுக்குப் பணம் தராது. திவாலுக்கும் பணம் உண்டு என்று உங்கள் பாலிசியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். செய்தி வந்த பிறகு வாங்கிய பாலிசி இதற்கு உதவாது.

கடைசி வழி, கடன் கொடுத்தவர்கள் வரிசையில் போய் நிற்பது. இந்தியாவின் 2016 திவால் சட்டத்தில் நடவடிக்கைச் செலவு முதலில், பிறகு தொழிலாளர் பாக்கியும் அடமானம் பிடித்த வங்கிகளும். பயணிகள் ரொம்பப் பின்னால். வருடக்கணக்கில் காத்திருந்தாலும் வருவது சொற்பம். கார்டில் கிடைக்காதவர்கள் மட்டும் பணம் கோரும் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள், அதையே நம்பி இருக்காதீர்கள். டிக்கெட்டுக்குப் பதில் வவுச்சர் வாங்கியவர்களின் நிலைமை இதைவிடப் பாவம். வவுச்சரைக் கையில் வாங்கிவிட்டால் சார்ஜ்பேக் கேட்பதும் சிக்கலாகிவிடும். தள்ளாடும் நிறுவனம் வவுச்சர் நீட்டினால் வேண்டாம், பணமாகக் கொடுங்கள் என்று சொல்லுங்கள்.

நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, டிக்கெட்டை எப்படி வாங்கினார்கள் என்பதுதான் பெரிய வித்தியாசம். 2019 செப்டம்பர் 23 அன்று பிரிட்டனின் சுற்றுலா நிறுவனமான தாமஸ் குக் மூழ்கியபோது 1,50,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் பயணிகள் வெளிநாட்டில் இருந்தார்கள். அரசே விமானங்களை ஏற்பாடு செய்து அழைத்து வந்தது. ஆனால் இனிமேல் போகவிருந்தவர்களில், விமானமும் தங்குமிடமும் சேர்ந்த தொகுப்பாக வாங்கியவர்களுக்கு, பிரிட்டனின் பயணப் பாதுகாப்புத் திட்டமான அட்டோலில் பணம் திரும்பியது. வெறும் இருக்கை மட்டும் வாங்கியவர்கள் கார்டையும் காப்பீட்டையும் தேட வேண்டியதாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்திலும் கதை இதுதான்: தொகுப்புக்குத் திவால் பாதுகாப்பு கட்டாயம், தனி டிக்கெட்டுக்கு அப்படி இல்லை.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று, டிக்கெட் எண். 13 இலக்கத்தில் முதல் மூன்று, டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தின் குறியீடு. பறக்கவேண்டிய விமானம் திவாலான நிறுவனத்தினுடையதாக இருந்தாலும், டிக்கெட்டை வெளியிட்டது வேறு நிறுவனம் என்றால், மாற்று ஏற்பாடு கேட்கவேண்டிய இடம் அதுதான். நேராக அங்கே போங்கள்.

மைல் புள்ளிகள் பற்றிச் சுருக்கமாக: சீரமைப்பில் பெரும்பாலும் தப்பும், மூடினால் பெரும்பாலும் போய்விடும். ஜெட்டின் புள்ளித் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் பெயர் மாறிப் பிழைத்தது.

செய்தி வந்த அன்றே இ-டிக்கெட், பணம் கட்டிய ரசீது, விமானம் ரத்து என்று வந்த மின்னஞ்சல் எல்லாவற்றையும் உங்கள் போனில் இறக்கிவையுங்கள். நாளைக்கு அந்த இணையதளமே திறக்காமல் போகலாம், வங்கியோ ஆதாரம் எங்கே என்றுதான் முதலில் கேட்கும்.