சுவருக்குள் கிடைத்த பணமும் நாங்கள் எடுத்த வக்கீல் ஆலோசனையும்

பழைய வீடு வாங்கி வேலை பார்க்கிற யாருக்கும் இந்த நிலைமை வரலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். குளியலறைச் சுவரை உடைத்தபோது உள்ளே ஒரு தகரப் பெட்டி, பெட்டி நிறைய நோட்டுக் கட்டு. உடைத்த கொத்தனார் "என் கையில்தானே கிடைத்தது, பாதி எனக்கு வேண்டும்" என்றார். அவரைக் கூட்டி வந்த காண்டிராக்டர், என் ஆள் வேலை நேரத்தில் எடுத்தது, அதனால் எனக்குத்தான் சேரும் என்றார். நாங்களோ வீடே எங்களுடையது, சுவருக்குள் இருப்பது மட்டும் வேறு யாருடையது என்று கேட்டோம். சாயங்காலத்துக்குள் வேலை நின்றுவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது.

அப்புறம்தான் வீடியோ அழைப்பில் சொத்து வக்கீலிடம் பேசவைக்கும் ஒரு சேவையில் பதிவு செய்தோம். யார் முதலில் பார்த்தது, யார் எடுத்தது என்று நாங்கள் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருக்க, அந்த வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "இதை வைத்தது யார்?" அந்த ஒரு கேள்விக்காகவே இந்தச் சேவைக்கு நல்ல மதிப்பெண் தருவேன், ஏனென்றால் மூன்று தரப்பில் ஒருவர்கூட அதை யோசிக்கவில்லை.

அவர் சொன்னது இதுதான். வேண்டாம் என்று தூக்கிப்போட்ட பொருள் வேறு, பத்திரமாக ஒளித்து வைத்துவிட்டு எடுக்காமல் போன பொருள் வேறு. பெட்டியில் போட்டுச் சுவர் வைத்துப் பூசியவர் அதை வேண்டாம் என்று விடவில்லை, அவர் இறந்துபோயிருந்தால் வாரிசுகளுக்குப் போகும். கிரயப் பத்திரம் வீட்டை எழுதிக் கொடுக்கிறதே தவிர, விற்றவருக்கே தெரியாத பணத்தை அல்ல. இதற்கு அமெரிக்காவின் அரிசோனா வழக்கைச் சொன்னார்: சமையலறை வேலையின்போது சுவருக்குள் தோட்டாப் பெட்டிகளில் சுமார் 5 லட்சம் டாலர் கிடைத்தது, வீட்டை வாங்கியவர்கள் தங்களுக்கே என்று வாதாடினார்கள், 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒளித்துவைத்தவரின் வாரிசுகளுக்குத்தான் என்று தீர்த்தது. இருக்கிறதென்றே தெரியாத ஒன்றை எப்படிக் கைவிட முடியும் என்பதுதான் அதன் அடிப்படை. கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் விற்றவருடைய அப்பா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பணமாக இருக்கலாம் என்று நினைத்தபோது அடங்கிவிட்டது.

எப்போதும் இப்படித்தான் முடியும் என்றும் அவர் சொல்லவில்லை. வைத்தவர் யாரென்றே தெரியாவிட்டால் கண்டெடுத்தவருக்கும் வலுவான உரிமை இருக்கலாம். 1722-இல் இங்கிலாந்தில் புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவன் கண்டெடுத்த நகை வழக்கிலிருந்து, உண்மையான சொந்தக்காரரைத் தவிர மற்ற எல்லாரையும்விடக் கண்டெடுத்தவருக்கே உரிமை என்ற கொள்கை இருக்கிறது. கூலிக்கு வேலை செய்யும்போது கிடைத்தால் கணக்கு மாறும், நாட்டுக்கு நாடு சட்டமும் மாறும்.

எனக்கு மிகவும் உதவியது நடைமுறை யோசனைகள்தான். மூன்று தரப்பும் உட்கார்ந்து வீடியோ எடுத்தபடி எண்ணுங்கள், தொகையை எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள், ஒரு நோட்டைக்கூடச் செலவழிக்காதீர்கள், சுற்றியிருந்த காகிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். 2006-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் இதேபோல் குளியலறைச் சுவரில் 1,82,000 டாலர் கிடைத்து, காண்டிராக்டரும் வீட்டுக்காரரும் பங்குக்காகச் சண்டைபோட, விஷயம் வெளியே தெரிந்து பழைய உரிமையாளரின் வாரிசுகளும் வழக்கில் வந்து சேர்ந்தார்கள். அதற்குள் பெரும்பகுதி கையைவிட்டும் போயிருந்தது. நாங்களும் அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தோம்.

குறைகளும் உண்டு. முதல் அழைப்பு அரைமணி நேரத்தில் தானாகத் துண்டிக்கப்பட்டது, அதுவும் முக்கியமான இடத்தில். வக்கீலின் எழுத்துமூலக் கருத்து, தருவதாகச் சொன்ன நாளைவிட ஒன்பது நாள் தாமதமாக வந்தது, அந்த ஒன்பது நாளும் கொத்தனாருக்கும் எங்களுக்கும் இடையே மனக்கசப்பு வளர்ந்துகொண்டே இருந்தது. வந்த கடிதத்திலும் கண்டெடுத்தவருக்கு ஏதாவது கொடுப்பது பற்றி ஒரு வரி இல்லை. நேர்மையாக எங்களைக் கூப்பிட்டுக் காட்டியவர் அவர், அதை நாங்கள் கேட்காமலே அவர்கள் யோசித்திருக்க வேண்டும். கேட்ட பிறகு, வாரிசுகள் சம்மதித்தால் ஒரு பங்கு தரலாம் என்று ஒப்பந்த வரைவு அனுப்பினார்கள், அது தெளிவாக இருந்தது.

இப்போது பணம் லாக்கரில் இருக்கிறது, விற்றவரின் அக்காவிடம் பேச்சு நடக்கிறது, கொத்தனார் திரும்பி வந்து சுவரைப் பூசிக்கொண்டிருக்கிறார். இந்தச் சேவையை எடுப்பதாக இருந்தால் ஒரு மணி நேர அழைப்பாகப் பதிவு செய்யுங்கள், தாய்ப்பத்திரம் வரை எல்லாவற்றையும் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். எங்களுக்கு முதல் அழைப்பில் பாதி நேரம் பத்திரம் தேடுவதிலேயே போய்விட்டது.