காரணம், விளைவு அட்டைத் தொகுப்பு: ஒரு பருவம் பயன்படுத்திய பிறகு

பத்தியை வாசிக்கும்போது எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிய என் ஆறாம் வகுப்பு மாணவர்களைப் பழக்குவதற்காக, இந்த அட்டைத் தொகுப்பைப் புத்தகக் கண்காட்சி ஒன்றில் 350 ரூபாய்க்கு வாங்கினேன். அட்டையின் முன்பக்கம் வாக்கியமோ சிறு பத்தியோ இருக்கும். காரணத்தின் மீது மஞ்சள் வில்லையும் விளைவின் மீது நீல வில்லையும் வைத்துவிட்டு, பின்பக்கத்தில் விடை பார்க்க வேண்டும். அட்டைகள் தடிமனானவை, எழுத்தும் பெரியது.

மூன்றாம் வாரத்தில் மாணவி ஒருத்தி, வாக்கியத்தைப் படிக்காமலேயே 'அதனால்', 'எனவே', 'ஆகையால்' ஆகிய சொற்களை மட்டும் தேடி, முன்னால் மஞ்சளும் பின்னால் நீலமும் வைத்துக்கொண்டே போனாள். விடைகள் அத்தனையும் சரி. தொகுப்பின் பெருங்குறை அப்போதுதான் புலப்பட்டது. தமிழில் காரணம் எப்போதும் இணைப்புச்சொல்லோடு வருவதில்லை. இலக்கண வகுப்பில் காலங்காலமாகச் சொல்லிவரும் 'மழை பெய்து நெல் விளைந்தது' என்னும் தொடரில் 'பெய்து' என்ற எச்சத்துக்குள்ளேயே, அதாவது முற்றுப்பெறாத வினைச்சொல்லுக்குள்ளேயே, காரணம் அடங்கிவிடுகிறது. 'பல் துலக்கிக் காபி குடித்தான்' என்பதிலும் அதே எச்சம்தான், ஆனால் அங்கே முன்பின் வரிசை மட்டுமே உண்டு. இரண்டையும் கரும்பலகையில் எழுதியபோது பாதி வகுப்பு தடுமாறியது. "பல் தேய்க்கலைன்னா எங்க வீட்ல காபி கிடையாது சார்" என்று ஒருவன் வாதாடினான். அது காரணமன்று, நிபந்தனை என்று விளக்க ஒரு பாடவேளை முழுவதும் ஆயிற்று.

தொகுப்பிலேயே சிறந்தது, மத்திய ஆசியாவிலுள்ள ஏரல் கடல் என்னும் உப்பு ஏரியைப் பற்றிய அட்டை. பருத்திப் பாசனத்துக்காக 1960-களிலிருந்து ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீரைப் பெருமளவில் திருப்பியதால் கடல் சுருங்கியது, உப்புச் செறிவு ஏறியது, மீன்கள் மடிந்தன, மீன்பிடித் தொழில் நசிந்தது என்று அந்தப் பத்தி சங்கிலியாகச் செல்கிறது. ஒன்றின் விளைவே அடுத்ததற்குக் காரணமாவதை உணர்ந்த சில மாணவர்கள் உப்புச் செறிவின் மீது இரு வில்லைகளையும் வைத்தார்கள். பின்பக்க விடையோ 'நீர் குறைந்தது, மீன்கள் மடிந்தன' என்ற ஓர் இணையோடு முடிகிறது. நடுவிலுள்ள உப்பைக் காணவே இல்லை. அந்த விடையைப் பேனாவால் அடித்துவிட்டேன்.

மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்குத் தொடக்கப் பயிற்சியாக இதைத் தயங்காமல் வாங்கலாம். ஆறாம் வகுப்புக்கு, ஆசிரியர் தாமே எழுதிச் சேர்க்காவிட்டால் கொடுத்த விலைக்கு ஈடாகாது. நல்லவேளையாக, எழுதப்படாத பத்து அட்டைகளையும் உடன் வைத்திருக்கிறார்கள். முதலாவதில் காபி வாக்கியத்தை எழுதியிருக்கிறேன்.