வறுத்த செஸ்நட்டா, சுட்ட சக்கைக்குருவா?

எண்ணெய்ப் பலகாரங்களை நிறுத்திய பிறகு மாலைத் தேநீருடன் எதைக் கொறிப்பது என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழுந்தபோது, திருவனந்தபுரத்துக் கடையொன்றில் இறக்குமதியான செஸ்நட்டை இரண்டு பருவங்கள் தொடர்ந்து வாங்கிப் பார்த்தேன். கஷ்கொட்டை என்றும் எழுதப்படும் இதனைப் பலரும் பாதாம், முந்திரி வரிசையில் வைத்துவிடுகிறார்கள். ஆனால் சத்தைப் பொறுத்தவரை இது தானியத்துக்கும் கிழங்குக்கும்தான் உறவு. வறுத்த செஸ்நட் 100 கிராமில் கொழுப்பு 2 கிராம் அளவும் மாவுச்சத்து 50 கிராமுக்குச் சற்று மேலும் உள்ளன. கிடைப்பது ஏறக்குறைய 245 கலோரி. நாங்கள் அண்டிப்பருப்பு என்று சொல்லும் முந்திரியிலோ கொழுப்பே 45 கிராம் அளவுக்கு உண்டு. கலோரியும் இரண்டு மடங்குக்கு மேல்.

ஆகவே செஸ்நட்டோடு ஒப்பிட வேண்டியது, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் பருவத்தில் வீட்டுக்கு வீடு குவியும் சக்கைக்குருவை, அதாவது பலாக்கொட்டையைத்தான். இதுவும் மாவுப்பொருளே, கொழுப்பு ஒரு கிராம்கூட வராது, புரதம் பச்சைக் குருவில் 6 முதல் 7 கிராம் வரை இருக்க, செஸ்நட்டில் அது 3 கிராம் அளவில் நின்றுவிடுகிறது. வைட்டமின் சியில் மட்டும் செஸ்நட்டே முந்துகிறது: வறுத்த பிறகும் 100 கிராமில் 26 மில்லிகிராம். அதன் இளஞ்சுவையான இனிப்பையும் மறுப்பதற்கில்லை.

ஆயினும் என் முடிவைத் தீர்மானித்தது சத்தல்ல, கெடாமல் சேமித்து வைக்கும் வசதி. பச்சைச் செஸ்நட்டின் எடையில் ஏறக்குறையப் பாதி நீர் என்பதை அறியாமல், முதல் பருவத்தில் அண்டிப்பருப்பைப் போல அதையும் கூடையிலேயே போட்டு வைத்தேன். பத்து நாட்களில், ஓட்டைப் பெருவிரலால் அழுத்தினால் உள்ளே குழிந்தது. பிளந்து பார்த்தால் சாம்பல் நிறப் பூஞ்சணம். பாதியைக் கொட்ட நேர்ந்தது. அடுத்த பருவத்தில் துளையிட்ட பையிலிட்டுக் குளிர்பெட்டியில் வைத்ததில் பூஞ்சணம் குறைந்தது. ஆனால் வறுக்குமுன் ஒவ்வொன்றின் ஓட்டையும் கீறாவிட்டால் வெடிக்கும், சூடு ஆறிவிட்டால் உள்தோல் பருப்போடு ஒட்டிக்கொண்டு உரிய மறுக்கும் என்ற சிரமங்கள் அப்படியே இருந்தன.

சக்கைக்குருவிலும் ஈரம் மிகுதிதான், விட்டால் முளைத்துவிடும். ஆனால் அதற்கான வழியை எங்கள் பாட்டிமார் முன்பே கண்டிருந்தார்கள். சுளையின் வழவழப்புப் போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, காய்ந்த செம்மண்ணோடு புரட்டிப் பானையில் அடுக்கிவிடுவார்கள். சென்ற ஆண்டு அவ்வாறே வைத்து, இரண்டு மாதங்கள் கழித்து ஆடி மழையில் எடுத்தபோது, ஒன்றிரண்டு தவிர மற்றவையெல்லாம் கல்லுப்போல் இருந்தன.

குறையும் உண்டு. சக்கைக்குரு சிலருக்கு வாயுவை உண்டாக்கும். பச்சையில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருப்பதால் உள்வரை வேகும்படி சுட வேண்டும். சர்க்கரை நோயுள்ளவர்கள் இரண்டையுமே சோற்றின் கணக்கில் சேர்த்து, அதற்கேற்பச் சோற்றைக் குறைத்துக்கொள்வது நல்லது. செஸ்நட்டைப் பற்றிய என் அனுபவம் கப்பலேறி வந்த சரக்கோடு முடிகிறது. காஷ்மீரிலோ இமாச்சலத்திலோ மரத்தடியில் பொறுக்கியதைத் தின்பவர்கள் வேறுவிதமாகச் சொல்லக்கூடும்.

இப்போது எங்கள் வீட்டில் மாலைக்கு ஆளுக்கு எட்டுக் குரு, வெளித்தோலைக் கீறி இரும்புச் சட்டியில் சுட்டு, உப்புத்தூளோடு. செஸ்நட் கிறிஸ்துமஸுக்குக் கால் கிலோ மட்டும் வருகிறது. வாங்கிய அன்றே வறுத்து முடித்துவிடுகிறோம்.