திருவொற்றியூரிலிருந்து மிண்ட்: மேப் சொல்லும் வழியா, ஆட்டோ அண்ணன் சொல்லும் வழியா?

வடசென்னையில் திருவொற்றியூரிலிருந்து மிண்ட் பக்கம் வண்டியில் வர முக்கியமாக இரண்டே ரோடு: டி.எச். ரோடு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை), இல்லையென்றால் கடலோரமாக எண்ணூர் விரைவுச் சாலை. எதில் போவதென்று போனைக் கேட்கலாம், ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோ அண்ணனையும் கேட்கலாம்.

இந்த நிமிட நிலவரத்துக்கு மேப்தான். முன்னால் போகிற போன்களின் வேகத்தை வைத்துக் கணக்குப் போடுவதால், தண்டையார்பேட்டையில் லாரி பழுதாகி நின்றால் சீக்கிரமே சிவப்பு விழுந்துவிடும். அண்ணனுக்கு அது தெரிய யாராவது வந்து சொல்ல வேண்டும்.

ஆனால் மேப்புக்கு வேகம் தெரியும் அளவுக்குக் காரணம் தெரியாது. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டினால் இடப்பக்கம் அப்படியே நின்றுவிடும். மிச்ச இடுக்கில் பைக்குகள் மட்டும் நெளிந்து ஓடும். பைக், கார் என்று பிரித்துப் பார்க்க மேப் முயன்றாலும், நிறத்தை நம்பி காரை விடுவது ஆபத்துதான். கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் போட்டால், ஒரு கூட்ஸோடு திறப்பார்களா, எதிர்ப்பக்கம் இன்னொன்று வருமா என்பதை அங்கே தினமும் நிற்பவர்தான் ஊகிப்பார். மழைநாளில் எந்த சுரங்கப்பாதையில் முதலில் தண்ணீர் ஏறும் என்பதும் அவருக்கு அத்துப்படி.

இதைவிடப் பெரிய சிக்கல், மேப் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்வது. அவரவர் தனக்கு விரைவான வழியைத் தேடுவதால் ஊர் மொத்தத்துக்கும் பயண நேரம் குறைந்துவிடாது என்று போக்குவரத்து ஆய்வாளர் வார்ட்ராப் 1952-லேயே எழுதினார். டி.எச். ரோடு சிவந்ததும் கார்கள் பக்கத்துத் தெருவுக்குள் திரும்பும். அங்கே தண்ணீர் லாரி குடங்களுக்கு நடுவே நிற்கும், எதிரே குட்டியானை (மினி லாரி) ஒன்று வரும், யாரும் ரிவர்ஸ் எடுக்க முடியாது. அமெரிக்காவில் நியூஜெர்சியின் லியோனியா ஊர் இந்தத் தொல்லை தாங்காமல் 2018-ல் நெரிசல் நேரத்தில் உள்தெருக்களை வெளியூர் வண்டிகளுக்கு மூடியது. நம் தெருக்களில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். நாம் மிச்சம்பிடிக்கும் நாலு நிமிடத்துக்கு அவர்கள் ஏன் ஒதுங்க வேண்டும்?

சென்ட்ரல்வரை போகிறவருக்கு இந்தக் கேள்வியே வேண்டாம். 2021-லிருந்து விம்கோ நகர்வரை மெட்ரோ ஓடுகிறது.

என் முடிவு: எப்போது கிளம்புவது, இரண்டு பெரிய ரோட்டில் எது என்பதற்கு மேப். ரோடு முழுக்க அடைத்துக்கொண்டால் ஆட்டோ அண்ணன். உள்தெருவுக்குள் திரும்பச் சொன்னால் மேப்பின் பேச்சைக் கேட்க மாட்டேன். ரயில்வே கேட் மூடல், துறைமுக வரிசை இரண்டையும் உடனுக்குடன் மேப்பில் ஏற்ற அதிகாரிகள் வழிசெய்தால், வடசென்னைக்காரர்களுக்கு இப்போதைக்கு அதுவே பெரிய உதவி.