எல்.டி.எல். 92 என்று வாழ்த்தினார்கள், கண் மஞ்சளாகியிருந்தது

கொலஸ்ட்ராலைக் குறைக்க வைட்டமின் மாத்திரையும் மாதாமாதம் ரத்தப் பரிசோதனையும் சேர்த்து ஒரே திட்டமாக விற்கிறார்கள் இல்லையா, அதில் சேர நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இவர்கள் இல்லாவிட்டால் வேறொருவர் இதே சரக்கை விற்பார்.

போன வருடம் வழக்கமான பரிசோதனையில் என் மொத்தக் கொலஸ்ட்ரால் 262. கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லும் எல்.டி.எல். 178, நல்லது என்று சொல்லும் எச்.டி.எல். 46, ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 190. மருத்துவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாது, தசை வலிக்கும், கல்லீரல் கெட்டுவிடும் என்று பலர் சொல்லிக் கேட்டு அந்தப் பயம் மனதில் ஊறிப்போயிருந்தது. பயந்துபோனவனிடம் எதையும் விற்றுவிடலாம்.

திட்டத்தில் சேர்ந்ததும் ஓர் ஆலோசகர் பேசினார். மருத்துவரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "மருந்தே கிடையாது சார், வெறும் வைட்டமின்தான். 1955லேயே நிரூபிச்சுட்டாங்க" என்றார். பி3 வைட்டமின், அதாவது நியாசின். சொன்னது பொய்யும் இல்லை. நிகோடினிக் அமிலம் (நியாசினின் இன்னொரு பெயர்) ரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது என்று ஆல்ட்ஷுல், ஹாஃபர், ஸ்டீபன் என்ற மூவர் கனடாவிலிருந்து எழுதியது அந்த வருடம்தான். கதையை 1955இலேயே நிறுத்திக்கொண்டதுதான் அவர்களின் சாமர்த்தியம்.

வளர்ந்த ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் நியாசின் சுமார் 16 மில்லிகிராம். எனக்குக் கொடுத்தது 500 மில்லிகிராம் மாத்திரை, தினம் நான்கு. கணக்குப் போட்டால் நூறு மடங்கையும் தாண்டுகிறது. அந்த அளவுக்குப் போன பிறகு அதை வைட்டமின் என்று அழைப்பதில் பொருளில்லை. அது மருந்து. மருந்துக்குச் செய்யவேண்டிய கண்காணிப்பைத்தான் யாரும் செய்யவில்லை.

முதல் மாத்திரை போட்ட அரை மணிக்குள் முகம், கழுத்து, காது எல்லாம் சிவந்து எரிந்தது. அரிப்பு வேறு. போன் செய்தேன். "உடம்பிலிருந்து நச்சு வெளியேறுது சார், நல்ல அறிகுறி" என்றார். நச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. நியாசின் பட்டதும் தோலில் உள்ள செல்கள் புரோஸ்டாகிளாண்டின் டி2 என்ற பொருளை வெளிவிடுகின்றன. அதனால் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, தோல் சிவக்கிறது. அவ்வளவுதான். தாங்க முடியவில்லை என்று நான் அடம்பிடித்ததும் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். எரிச்சல் நின்றது. நானும் நன்றி சொன்னேன்.

என் தலையெழுத்து மாறியது அங்கேதான். உடனே கரையும் நியாசின் மொத்தமாக வந்து விழும்போது, கல்லீரல் அதில் பெரும்பகுதியை அவ்வளவாகக் கெடுதல் இல்லாத வழியில் மாற்றி வெளியே தள்ளிவிடுகிறது. மெதுவாகக் கரையும் வகை சொட்டுச் சொட்டாக வருவதால், கல்லீரலைப் புண்ணாக்கும் துணைப்பொருட்கள் உண்டாகும் இன்னொரு வழியிலேயே அதிகம் போகிறது. 1994இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில் இரண்டு வகைகளையும் 23 பேர் வீதம் கொடுத்து அளவை ஏற்றிப் பார்த்தார்கள். மெதுவாகக் கரையும் வகையைச் சாப்பிட்ட 23 பேரில் 12 பேருக்குக் கல்லீரல் பாதித்தது. மற்ற வகையில் ஒருவருக்கும் இல்லை. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது பின்னால்.

சரி, மாதாமாதம் ரத்தம் எடுத்தார்களே, அதில் தெரிந்திருக்க வேண்டாமா? அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டுக்கே வந்து எடுத்தார்கள். மறுநாளே செயலியில் வண்ண வண்ணமாக முடிவு வரும். கொலஸ்ட்ரால் வகைகள், வைட்டமின் டி, பி12, தைராய்டுக்கான டி.எஸ்.எச். பார்க்க நீளமான பட்டியல்தான். ஆனால் கல்லீரலுக்கான எஸ்.ஜி.பி.டி. அதில் இல்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை இல்லை. யூரிக் அமிலம் இல்லை. அதிக அளவு நியாசின் ஏற்றிவிடக்கூடிய மூன்றும் இவைதாம். எது கெடுமோ அதை விட்டுவிட்டு எது இறங்குமோ அதை மட்டும் அளந்திருக்கிறார்கள்.

முதல் மாதம் எல்.டி.எல். 163, இரண்டாம் மாதம் 151. மூன்றாம் மாதம் ஒரே பாய்ச்சலில் 92. பச்சை அம்புக்குறி. ஆலோசகர் அவராகவே கூப்பிட்டு வாழ்த்தினார். பசியே இல்லை, காலையில் குமட்டுகிறது என்றேன். "உடம்பு பழகிட்டு இருக்கு சார், இப்ப போய் விட்டுடாதீங்க" என்றார்.

ஒன்பது நாள் கழித்து அக்கா வந்திருந்தாள். உள்ளே வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கண்ணாடியில பாருடா, கண்ணு மஞ்சளா இருக்கு" என்றாள். சிறுநீர் நிறம் மாறியது எனக்கு முன்பே தெரியும், தண்ணீர் குறைவாகக் குடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே பழைய மருத்துவரிடம் போனோம். எஸ்.ஜி.பி.டி. 486. சுமார் நாற்பதுக்குள் இருக்கவேண்டியது. மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிரூபின் 3.4, வெறும் வயிற்றுச் சர்க்கரை 121.

நான் பெருமையாக அந்த 92ஐக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "கொலஸ்ட்ராலைத் தயாரிக்கிறதே கல்லீரல்தான். அது படுத்துட்டா இந்த எண்ணும் படுத்துடும். நியாசின் சாப்பிடுறவருக்கு இப்படித் திடீர்னு விழுந்தா முதல்ல கல்லீரலைத்தான் பார்க்கணும்" என்றார். வாழ்த்துச் சொல்ல வைத்த எண்தான் அபாய மணியாகவும் இருந்திருக்கிறது. வீட்டில் இருக்கும் புட்டிகள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார்.

கொண்டுபோனதில் இன்னொன்றும் வெளிவந்தது. "முடிக்கும் நகத்துக்கும்" என்று சேர்த்துக் கொடுத்த மாத்திரையில் பயோட்டின் என்ற பி வைட்டமின் 10 மில்லிகிராம். டி.எஸ்.எச். பரிசோதனைகளில் சில வகைகள் பயோட்டினை வைத்தே வேலை செய்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால் டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2017இல் இதுபற்றி எச்சரித்திருக்கிறது. தைராய்டு சுரப்பு குறைந்தால் டி.எஸ்.எச். ஏறும், கொலஸ்ட்ராலும் ஏறும் என்பதால்தான் மருத்துவர் இதைக் கிளறினார். அவர்கள் அறிக்கையில் என் டி.எஸ்.எச். 0.9. மாத்திரையை நிறுத்திப் பத்து நாள் கழித்து எடுத்தபோது 6.8. பெரிய கோளாறு இல்லை, ஆனால் கவனிக்கவேண்டியது. அவர்களே கொடுத்த மாத்திரை அவர்களே எடுத்த பரிசோதனையைக் கெடுத்திருக்கிறது, அது அவர்களுக்கே தெரியவில்லை.

கல்லீரல் எண்கள் பழைய நிலைக்கு வர ஏழு வாரம் ஆனது. அதற்குள் எல்.டி.எல். 171க்குத் திரும்பிவிட்டது. இப்போது குறைந்த அளவு ஸ்டேட்டின். கல்லீரலைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். நான் பயந்த தசைவலி இதுவரை இல்லை, வந்தால் சொல்லச் சொல்லியிருக்கிறார். 1955க்குப் பிறகு நடந்ததையும் அவர்தான் சொன்னார். ஸ்டேட்டினோடு நியாசினையும் சேர்த்தால் பலன் கூடுமா என்று பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளில், ஒன்றை 2011இல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இன்னொன்று 25,673 பேரை வைத்து நடந்து 2014இல் வெளிவந்தது. எச்.டி.எல். ஏறியது, மாரடைப்பு குறையவில்லை, சர்க்கரை நோயும் ரத்தக்கசிவும் கூடின.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். இது சத்து மாத்திரை, எந்த நோய்க்கும் சிகிச்சை அல்ல என்று நான் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் பதினேழாவது வரியில் இருக்கிறதாம். அறிக்கையைப் பார்த்துக் கையெழுத்திடும் மருத்துவர் யார் என்று மூன்று முறை எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. பணம் கட்டும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. எஸ்.ஜி.பி.டி. பார்ப்பீர்களா என்பதையும் அப்போதே கேட்டிருக்கலாம்.

திறக்காத இரண்டு புட்டிகளுக்கு மட்டும் பணம் வந்தது. நேற்று செயலியிலிருந்து ஒரு செய்தி: "உங்கள் எல்.டி.எல். 92! இந்த வெற்றியை நண்பர்களுடன் பகிருங்கள்."