குறுமரத்துக்கு இச்சியா, புளியா?

மதுரையில் எங்கள் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கிற கல்லை ஒட்டி இப்போது பதினொரு போன்சாய் தொட்டிகள் இருக்கின்றன. ஏழு இச்சி (ஆல், அரசு இனத்து மரம்), இரண்டு புளி, இரண்டு ஜேட் (தடித்த இலை உள்ள சின்னச் செடி). ஆறு வருடத்துக்கு முன் தொடங்கியபோது இச்சி ஒன்று, புளி மூன்று என்றுதான் இருந்தது. கணக்கு ஏன் இப்படித் தலைகீழானது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். எதை வைத்து ஆரம்பிக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் இச்சி பக்கம்தான் நிற்பேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன்சாய் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஜூனிபர்தான், அந்த வளைந்த ஊசியிலை மரம். 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவிலிருந்து இடம் பெயர்ந்த தோட்டக்காரர்கள் 1925-இல் ஜப்பானின் ஓமியாவில் ஒரு போன்சாய் கிராமத்தையே உருவாக்கினார்கள். அங்கே ஜூனிபரும் பைனும் செழிப்பதற்குக் காரணம் அந்த ஊர்க் குளிர். வருடத்தில் சில மாதமாவது ஓய்ந்து கிடக்க வேண்டிய மரம் அது. மதுரையில் மார்கழியில்கூட அந்தக் குளிர் கிடைக்காது. பக்கத்து வீட்டு அண்ணன் பெங்களூரிலிருந்து ஒன்று வாங்கி வந்தார். வேர் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும் மரம் என்பதால், அவர் கவனித்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் தாராளமாக முயலலாம். சமவெளிக்காரர்களுக்கு வேண்டாம்.

ஜேட் நல்ல செடி. கிளையை ஒடித்து, இரண்டு மூன்று நாள் காயவிட்டு நட்டாலே வேர் பிடிக்கும். ஒரு வாரம் ஊருக்குப் போனாலும் தாங்கும். ஆனால் என் ஜேட் இரண்டும் இரண்டு மழைக்காலம்தான் பார்த்திருக்கின்றன. ஐப்பசியில் ஒன்றுக்கு அடி அழுகி, பாதியை வெட்டி எறிய வேண்டியதாயிற்று. அதனால் அதைப் பற்றி அடித்துப் பேச எனக்கு அனுபவம் போதாது. அரச மரம் சுவரில் தானாக முளைத்து இலவசமாகக் கிடைக்கும், ஆனால் அதன் பெரிய இலை சின்னத் தொட்டியில் அளவுக்கு ஒட்டுவதில்லை.

ஆக, நிஜமான போட்டி புளிக்கும் இச்சிக்கும்தான்.

புளியை ஏன் எடுத்தேன் என்றால் அதன் இலை. போன்சாயில் பெரிய பாடே இலையைச் சிறிதாக்குவதுதான், புளிக்கோ இயற்கையிலேயே பொடி இலை. சாயங்காலம் ஆனதும் இலைகளை மடித்துக்கொண்டு தூங்கப் போகும். அந்த நேரத்தில் கிளைகளின் அமைப்பு முழுதாகத் தெரியும். எனக்கு அதைப் பார்க்க அத்தனை பிடிக்கும். பட்டையும் சீக்கிரமே வெடித்துச் சொரசொரப்பாகிவிடுகிறது. என் புளிக்கு ஆறு வயதுதான், பார்ப்பவர்கள் பதினைந்து என்கிறார்கள். "புளிய மரத்தை வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுப்பா" என்று அத்தை இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், அதனால்தான் அவை கொல்லையின் கடைசி மூலையில் இருக்கின்றன. வெயிலைப் பொறுத்தவரை புளிக்கு நிகர் இல்லை. ஒரு நாள் தண்ணீர் தவறினால் இலையை உதிர்க்கும், ஊற்றினால் மறுபடி துளிர்க்கும். தோற்றம் மட்டும் போதும் என்றால் புளியே ஜெயித்திருக்கும்.

சரி, பிறகு எங்கே தோற்றது? வெட்டில்.

போன்சாய் என்பது வெட்டிக்கொண்டே இருக்கிற வேலை. அடி பருத்து, மேலே போகப் போகச் சிறுத்து, ஒரு பெரிய மரத்தின் சாயல் வர வேண்டும். அதற்குச் செடியை உயரமாக வளரவிட்டு, அடி பெருத்ததும் தண்டைக் கீழே வெட்டி, புதிதாக வரும் துளிர்களில் ஒன்றைத் தலைக்கிளையாக வைத்து மறுபடி வளர்க்கிறோம். அது பெருத்ததும் மறுபடி வெட்டு. நான்கைந்து சுற்று போனால்தான் உருவம் வரும். அப்படியென்றால் ஒரு மரம் வெட்டுக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் வேகத்தையே தீர்மானிக்கிறது. நீரும் உரமும் எல்லா மரத்துக்கும் வேண்டியவைதான். இது மட்டும் மரத்துக்கு மரம் மாறும்.

என் முதல் இச்சி கிணற்றுச் சுவரில் பறவை எச்சத்தில் முளைத்தது. கல்லிச்சி என்பார்கள், நர்சரியில் கேட்டால் ஃபைகஸ் என்றுதான் தெரியும். பெயர்த்தெடுக்கும்போது பாதி வேர் சுவரிலேயே போய்விட்டது. ஒரு வருடம் பழைய சிமெண்ட் சட்டியில் வளரவிட்டு, மாசி கடைசியில் தண்டை அடியிலிருந்து ஆறு அங்குலத்தில் வெட்டினேன். ஓர் இலைகூட மிச்சம் வைக்கவில்லை. பால் வடிந்து நின்ற அந்தக் கட்டையைப் பார்க்கவே மனசு சரியில்லை. மூன்று வாரத்தில் வெட்டைச் சுற்றி ஒன்பது துளிர். பழுத்த பட்டையிலிருந்தே துளிர்க்கக் கூடிய மரம் அது. எனக்கு வேண்டிய இடத்தில் இருந்த இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிட்டேன். கட்டைவிரல் பருமன் இருந்த வெட்டுக்காயம் இரண்டு வருடத்தில் ஓரம் உருண்டு மூடிக்கொண்டது. இன்று அந்த இடத்தை விரலால் தடவினால்தான் தெரியும்.

அதே வாரத்தில் புளியையும் வெட்டினேன். அதுவும் துளிர்த்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெட்டிய இடத்திலிருந்து கீழ்நோக்கி ஓர் அங்குலம் கருகி வந்து, அதற்குக் கீழே அதற்கு இஷ்டமான இடத்தில் துளிர்த்தது. அடுத்த முறை கருகலுக்கு இடம் விட்டு உயரமாக வெட்டினேன், அப்புறம் அந்தக் கட்டை உளுத்துப் பள்ளமானது. ஒன்று அப்படியே போய்விட்டது. மிச்சம் இருக்கிற இரண்டிலும் நான்கு வருடத்து வெட்டு இன்னும் வாய் மூடவில்லை. வெட்டிய கிளைகள் கதையும் இப்படித்தான். இச்சியில் விரல் பருமன் போத்தை மண்ணில் செருகினால் பெரும்பாலும் பிடித்துவிடும். என் ஏழில் நான்கு அப்படி வந்தவை. புளிக் குச்சியை எத்தனையோ முறை நட்டுப் பார்த்தேன், ஒன்றும் பிடிக்கவில்லை.

இதனால் என்ன லாபம் என்றால், கற்றுக்கொள்வது. இச்சியில் தப்பான கிளையை வெட்டிவிட்டால் அந்த வருடத்திலேயே வேறொன்று வளர்த்துவிடலாம். பங்குனி முதல் கார்த்திகை வரை வளர்ந்துகொண்டே இருப்பதால் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கத்தரிக்கோல் பிடிக்க வாய்ப்புக் கிடைக்கிறது. புளியில் ஒரு தப்பு எனக்கு இரண்டு வருடம் செலவு வைத்தது.

இலைக்கும் வழி இருக்கிறது. நன்றாகத் தேறி நிற்கும் இச்சியில், சித்திரை வாக்கில் காம்பை மட்டும் விட்டு எல்லா இலையையும் நறுக்கிவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் வரும் புது இலை பழையதைவிடச் சிறிதாக இருக்கும். மெலிந்த மரத்தில் இதைச் செய்யவே கூடாது. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் கிளையிலிருந்து விழுது விடும். அதை இளநீர் ஸ்ட்ராவுக்குள் விட்டு மண் வரைக்கும் இறக்கினால் நின்றுவிடும். மதுரைக் காற்றில் எனக்கு இரண்டுதான் தேறியது. சென்னை மாதிரிக் கடலோர ஈரக் காற்றில் இது சுலபம்.

இச்சியின் குறைகளையும் சொல்ல வேண்டும். கம்பி சுற்றினால் வளர்ச்சிப் பருவத்தில் ஐந்து வாரத்தில் பட்டைக்குள் பதிந்துவிடும். வழவழப்பான பட்டை என்பதால் தழும்பு வருடக்கணக்கில் நிற்கும். என் இரண்டாவது மரத்தில் திருகாணி மாதிரி ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. புளியில் அது தெரியவே தெரியாது. அப்புறம் இலைப்பேன். கொழுந்து இலை நடு நரம்போடு இரண்டாக மடிந்திருந்தால் பிரித்துப் பாருங்கள், உள்ளே கறுப்பாகப் பொடிப்பூச்சி ஊரும். மருந்து உள்ளே போகாது. மடிந்த இலைகளைப் பறித்து, மூடிய பையில் போட்டு அகற்றுவதுதான் எனக்குப் பலன் தந்தது. கத்தரிக்காமல் விட்டால் உருவம் கலைந்துவிடும் என்பதால் வாரம் ஒரு முறையாவது கிட்டே போய்ப் பார்த்தே ஆக வேண்டும். அந்த நேரம் இல்லாதவர்களுக்குப் புளிதான் தோது.

மண் இரண்டுக்கும் ஒன்றுதான். செங்கல் உடைத்துச் சலித்த, மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் துண்டு பாதி, செம்மண்ணும் மக்கிய எருவும் மீதி. தூளைச் சலித்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் தேங்கும். புளிக்கு மட்டும் ஆணிவேரைச் சிறு வயதிலேயே நறுக்க வேண்டும். விட்டால் ஆழம் குறைந்த தட்டில் அது உட்காராது.

இருபது முப்பது வருடம் போன புளி என்னிடம் இல்லை. அந்த வயதில் அது இச்சியை விட்டு எங்கோ போயிருக்கலாம், அதனால்தான் மிச்சம் இரண்டையும் விடாமல் வைத்திருக்கிறேன்.

இச்சி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. நர்சரியில் கிழங்கு மாதிரி வேர் உப்பி, உச்சியில் குடுமியாக இலை வைத்த ஜின்செங் ஃபைகஸ் முன்வரிசையில் இருக்கும். பெரும்பாலும் ஒட்டுக் கட்டியது அது. ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் இலை வேறாக இருக்கும். அதை விட்டுவிட்டு, பின்பக்கம் கறுப்புப் பையில் யாரும் கவனிக்காமல் கிடக்கும் சாதாரண ஃபைகஸ் கன்றுகளிடம் போங்கள். மேல்மண்ணை இரண்டு விரல் ஆழம் விலக்கிப் பாருங்கள். சுற்றிலும் நான்கு பக்கமும் வேர் பரவியிருக்கிற கன்றை, மேலே எவ்வளவு கோணலாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். மேலே இருப்பதை எப்படியும் வெட்டத்தான் போகிறோம்.